காளைக்குப் போட்ட பாதையில் சைக்கிள்

பழனிக்குப் போகிறவர் ஏறக்குறைய 700 படி ஏறியாக வேண்டும். வடபழனிக்குப் போகிறவருக்கு அந்த வேலை இல்லை. 1890 வாக்கில் அண்ணாசாமி நாயக்கர் என்பவர் ஒரு கீற்றுக் கொட்டகையில் பழனியாண்டவர் படத்தை வைத்துப் பூசை செய்யத் தொடங்கினார். 1920களில் அது கோபுரத்தோடு கூடிய கோயிலாக எழுந்தது. மலை மட்டும் கடைசிவரை வரவில்லை. ஆற்காடு சாலையும் 100 அடி சாலையும் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் மேடு என்று சொல்ல இருப்பது மேம்பாலம் ஒன்றுதான். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் தட்டையாகக் கிடக்கிற ஊர் சென்னை. வடபழனியிலும் கோடம்பாக்கத்திலும் ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டுவார்கள். மலை வேண்டுமென்றால் ஊரை விட்டுத்தான் போக வேண்டும்.

அப்படிப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். வெள்ளிக்கிழமை இரவு சக்கரங்களைக் கழற்றி, வண்டியைப் பையில் சுருட்டி, ரயிலிலோ பஸ்ஸின் வயிற்றிலோ ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஜோலார்பேட்டையில் இறங்கினால் ஏலகிரி, சேலத்தில் இறங்கினால் ஏற்காடு, நாமக்கல் பக்கம் கொல்லிமலை, மேட்டுப்பாளையம் போனால் நீலகிரி. திங்கள்கிழமை அலுவலகத்தில் அவர்கள் சொல்வதெல்லாம் ஏறிய கதையாகவே இருக்கும்: எத்தனை வளைவு, எத்தனை மணி நேரம், எந்த இடத்தில் கால் இறங்கிவிட்டது. இறங்கிய கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. மூன்று மணி நேரம் ஏறியது முக்கால் மணியில் முடிந்துவிடுகிறது, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் சைக்கிளில் மலை இறங்குவதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் ஒரு பாதி மலைப்பாதையைப் பற்றியது, மறுபாதி பிரேக்கைப் பற்றியது. தமிழ்நாட்டில் இந்த இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று சந்திக்க ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு பிடித்தது.

முதலில் பாதை. 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். மலைமேல் இருந்த குளிர் அவரை விடவில்லை. அங்கே வீடு கட்டவும், உருளைக்கிழங்கு போடவும், நோயாளிச் சிப்பாய்களைக் கொண்டுபோய்த் தேற்றவும் ஆசைப்பட்டார். அதற்கெல்லாம் வழி வேண்டும். லெப்டினன்ட் எவன்ஸ் மக்பெர்சன் தலைமையில் 1821-லிருந்து 1823 வரை சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை வெட்டப்பட்டது. குதிரையும் பொதிமாடும் ஏறுவதற்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த பத்தாண்டில், 1830-க்கும் 1832-க்கும் இடையே, பயனியர் படையினர் குன்னூர் வழியாக இன்னொரு பாதை போட்டார்கள். அதுவும் செங்குத்தாக இருந்ததால் 1871-ல் கர்னல் லா என்பவர் சாய்வைக் குறைத்துப் புதிய குன்னூர் மலைப்பாதையை அமைத்தார். குன்னூர் அருகே உள்ள லாஸ் அருவிக்கு அவர் பெயர்தான். இன்று கல்லாறு, பர்லியார், காட்டேரி என்று பஸ் ஏறுகிற பாதையின் ஆதி வடிவம் அது. அதில் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

இந்தப் பாதைகளைப் போட்டவர்கள் மனத்தில் இருந்த வண்டி எது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மாட்டு வண்டியும், மட்டக் குதிரை இழுக்கும் டோங்காவும்தான். 1873-ல் ரயில் மேட்டுப்பாளையத்தை எட்டியது. அங்கிருந்து மலை ரயில் குன்னூருக்குப் போக 1899 ஆயிற்று. நடுவிலிருந்த கால் நூற்றாண்டு முழுக்கத் தபாலும் துரைமார்களும் டோங்காவில்தான் ஏறினார்கள். சில மைலுக்கு ஒருமுறை குதிரையை மாற்றுவார்கள். பாரம் இழுக்கும் மாட்டுக்கு ஒரு அளவுக்கு மேல் சாய்வு ஆகாது. ஆகவே பொறியாளர் முதலில் மாட்டின் சக்தியைக் கணக்குப் பண்ணிச் சாய்வை முடிவு செய்தார். அந்தச் சாய்வுக்குள் மலையை ஏற வேண்டுமென்றால் பாதை நீண்டாக வேண்டும். மலைச்சரிவிலோ அகலமாகப் போக இடமில்லை. பாதை இந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போய், திரும்பி, அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போய், மறுபடி திரும்பியது. கொண்டை ஊசி வளைவு பிறந்தது இப்படித்தான்.

மாடு நடக்கிற வேகத்தில்தான் திரும்பும். அதனால் வளைவின் அகலத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் வெட்டினார்கள். பிறகு தார் வந்தது, பஸ் வந்தது, வளைவுகளைக் கொஞ்சம் அகட்டினார்கள். ஆனாலும் பாதையின் எலும்புக்கூடு மாறவில்லை. நூறு இருநூறு மீட்டர் நேர் ஓட்டம், உடனே ஒரு முழுத் திருப்பம், மறுபடி நேர் ஓட்டம். சைக்கிளில் இறங்குகிறவருக்குத் தமிழ்நாட்டு மலை தருகிற சோதனை முழுக்க அந்த எலும்புக்கூட்டில் இருக்கிறது. வேகம் எடுக்க வைத்துவிட்டு அடுத்த கணமே அதைத் திருப்பிக் கேட்கிற பாதை இது.

ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாய்ப் பாதையும் கிட்டத்தட்ட இதே ஆண்டுகளில்தான் போடப்பட்டது. மக்பெர்சன் சிறுமுகையில் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் ஆஸ்திரியப் பேரரசுக்காக 1820 முதல் 1825 வரை 48 கொண்டை ஊசி வளைவுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் விலங்கு இழுக்கும் வண்டிக்கான பாதைகள்தான். வேறுபாடு பிறகு வந்தது. ஸ்டெல்வியோவில் சைக்கிள் சீக்கிரமே ஏறிவிட்டது. 1953 இத்தாலியச் சுற்றுப் போட்டியில் ஃபவுஸ்தோ கொப்பி அங்கேதான் எதிராளியை உதறிவிட்டு வெற்றியைப் பிடித்தார். நீலகிரியில் சைக்கிளுக்கு அப்படி ஒரு காலம் நெடுநாள் வரவில்லை.

அதற்குக் காரணம் பிரேக்கின் கதையில் இருக்கிறது.

தொடக்க கால சைக்கிளில் பெடல் நிற்காது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். இறக்கத்தில் கால் தாங்காத வேகத்துக்குப் போகும்போது ஓட்டுநர் பெடலிலிருந்து கால்களை எடுத்து முன் ஃபோர்க்கில் இருக்கும் கால்தாங்கிகளில் வைத்துக்கொள்வார். பெடல் பாட்டுக்குக் கீழே சுழன்றுகொண்டிருக்கும். முன் டயரின் மேல் ஒரு கரண்டி வடிவத் தகடு வந்து அழுத்தும், அதுதான் பிரேக். ஆல்ப்ஸில் நெடிய இறக்கங்களுக்கு அது போதாமல் 1890களில் அங்கே சுற்றிய சைக்கிள்காரர்கள் ஒரு மரக்கிளையை வெட்டிப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே இறங்கினார்கள். அது தரையில் உரசி வேகத்தைக் குறைக்கும். புழுதி வானுக்குக் கிளம்பும்.

ஃப்ரீவீல் வந்ததும் எல்லாம் மாறியது. பெடலை நிறுத்திவிட்டுச் சும்மா உருள முடிந்தது. காலால் பின்னுக்கு அழுத்தி வேகத்தை அடக்கும் வழி அத்தோடு போயிற்று, நல்ல பிரேக் இல்லாமல் முடியாது என்றாயிற்று. இரண்டு தீர்வுகள் வந்தன. ஒன்று, கம்பிகளைக் கோத்துக் கைப்பிடியிலிருந்து ரிம்மின் உட்புறத்துக்குக் கட்டையைத் தூக்கி அழுத்தும் ராடு பிரேக். இன்னொன்று, ஒயரை இழுத்து ரிம்மின் இரு பக்கவாட்டையும் கவ்வும் பிரேக். பந்தயக்காரர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். ஊர் முழுக்கப் பால் சுமக்கவும் பள்ளிக்கூடம் போகவும் உழைத்த சைக்கிள் முதலாவதோடு நின்றது.

நமக்கு வந்தது அந்த முதலாவது வகை. 1949-ல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அம்பத்தூர்த் தொழிற்சாலை வடபழனியிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில்தான் இருந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற பெயர்களில் அங்கிருந்து வந்த கறுப்பு வண்டிகள் தமிழ்நாட்டின் தட்டைச் சாலைகள் முழுவதையும் நிறைத்தன. ஒரே கியர். கனமான இரும்புச் சட்டம். கேரியரில் ஒரு மூட்டை நெல் ஏறும். டைனமோ விளக்கு. அந்த வண்டியின் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 92-ல் அறிவொளி இயக்கத்தில் படிக்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகி ஊர் எல்லையைத் தாண்டியது இந்த வகை வண்டியில்தான். தமிழ்நாட்டில் சைக்கிள் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அந்த வண்டி சமதளத்துக்குப் பிறந்தது. மின்னும் குரோமியம் பூசிய அதன் இரும்பு ரிம்மில் மழைநீர் பட்டால் பிரேக் கட்டை வழுக்கும். பிரேக்கைப் பிடித்த பிறகும் வண்டி தன் இஷ்டத்துக்குக் கொஞ்ச தூரம் போகும். அதைக் கொண்டு கொல்லிமலை இறங்குவதை யாரும் விளையாட்டாக எண்ணவில்லை. மலை ஊர்களில் இருந்தவர்கள் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவதும், செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நடப்பதும் நியாயமான முன்னெச்சரிக்கை.

ஐரோப்பாவில் இதே காலத்தில் இறக்கம் ஒரு கலையாகவும் ஒரு பயங்கரமாகவும் வளர்ந்தது. 1910-ல் பிரான்ஸ் சுற்றுப் போட்டி பிரனீஸ் மலைத் தொடரின் பெரிய கணவாய்களுக்குள் நுழைந்தது. ஏறுவது மட்டுமே சோதனை என்று அமைப்பாளர்கள் நினைத்திருந்தார்கள். இறக்கம் வேறு கணக்கு வைத்திருந்தது. அந்த நாளில் பந்தய ரிம்கள் மரத்தால் ஆனவை. அலுமினியக் கலவை ரிம் பிரேக்கில் சூடேறினால் டயரை ஒட்டியிருக்கும் பசை உருகிவிடும் என்ற அச்சம் இருந்தது. 1934-ல் அந்தோனின் மாஞ் புது அலுமினியக் கலவை ரிம்களுக்கு மரத்தின் நிறம் பூசி மறைத்து ஓட்டிப் பட்டத்தை வென்றதாகச் சைக்கிள் வரலாற்றில் பேசப்படுகிறது. அடுத்த ஆண்டே, 1935-ல், ஸ்பெயின் நாட்டு பிரான்சிஸ்கோ செபெதா காலிபியே கணவாயிலிருந்து இறங்கும்போது விழுந்து, சில நாட்களில் இறந்தார். பிரான்ஸ் சுற்றில் பந்தயம் ஓட்டும்போது விழுந்து இறந்த முதல் ஆள் அவர்.

1960-ல் ரோஜே ரிவியேர், முன்னால் பறந்துகொண்டிருந்த இத்தாலியரான காஸ்தோனே நென்சினியை இறக்கத்தில் விடாமல் பின்தொடர்ந்தார். நென்சினி இறக்கத்தில் யாராலும் பிடிக்க முடியாதவர் என்று பெயர் பெற்றவர். பெர்ஜுரே கணவாயில் ரிவியேர் தடுப்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தார், முதுகெலும்பு முறிந்தது. முதலில் பிரேக் மீது பழி விழுந்தது. பிறகுதான் வலி மறைய அவர் எடுத்திருந்த மருந்து தெரியவந்தது. பிரேக் நன்றாகவே இருந்தாலும் அதைப் பிடிக்கும் விரல் மரத்திருந்தால் என்ன பயன்? 1995 ஜூலை 18-ல் போர்த்தே தாஸ்பே இறக்கத்தில் ஃபாபியோ கசார்தெல்லி இறந்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், தலையில் ஹெல்மெட் இல்லை. பந்தயங்களில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க உலக சைக்கிள் சங்கத்துக்கு இன்னும் எட்டு ஆண்டு தேவைப்பட்டது. 2003-ல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஆந்திரே கிவிலேவ் இறந்த பிறகுதான் அந்த விதி வந்தது. இவ்வளவு தாமதம் மன்னிக்க முடியாதது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். இறங்குவது 1,500 மீட்டர். இந்த உயரத்தில் அடைந்து கிடக்கும் ஆற்றல் அத்தனையும் வெப்பமானால் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் ஒரு பெரும் பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. மிச்சம் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் போய்ச் சேர்கிறது. மெதுவாகப் போனால் காற்று வாங்குவது குறையும், பிரேக்குக்குப் போவது கூடும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே பயந்து பயந்து இறங்குகிறவரின் ரிம்தான் தொட முடியாத அளவுக்குச் சுடும். ரிம் கொதித்து டியூப் வெடிப்பதும் அப்படித்தான்.

8 சதவீதச் சாய்வில், அதாவது 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் நேர்ச் சாலையில், மிதிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே 60 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் போய்விடும். அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குக் குறைக்க, பதற்றமில்லாமல் பிரேக் பிடித்தால் 40 மீட்டர் வேண்டும். தமிழ்நாட்டு மலையில் அடுத்த வளைவு சீக்கிரமே வந்துவிடும். 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில் 25 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வண்டி 26 டிகிரி சாய வேண்டும். சுத்தமான, காய்ந்த தாரில் அது எளிது. ஆனால் வளைவின் உள்பக்கத்தில் எப்போதும் ஒரு பிடி மணல் குவிந்திருக்கும். மழை அடித்துக்கொண்டு வந்து போட்டது, லாரிச் சக்கரம் ஒதுக்கிவிட்டது. அதைக் கண்டுகொள்ளாதவர் விழுவார்.

நன்றாக இறங்குகிறவரை ஒரு வளைவில் நின்று பார்த்தால் இது விளங்கும். ஏலகிரியில் பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 14 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: புலவர்களும் வள்ளல்களும். திருவள்ளுவர், கம்பர், ஔவையார், பாரி, ஓரி என்று பலகையில் எழுதியிருக்கும். மேலிருந்து வருகிறவர் வளைவுக்கு வெகு முன்பே கைகளை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் வைத்து இரண்டு விரலால் பிரேக்கைத் தொடுவார். முன் பிரேக்கை அதிகமாக, பின் பிரேக்கை அளவாக. உடம்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். முன் பிரேக்கைக் கண்டபடி அழுத்தினால் பின் சக்கரம் தூக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை விட்டுவிடுவார். வெளிப்பக்கக் கால் கீழே நேராக நீண்டிருக்கும், உடம்பின் பாரம் முழுவதும் அதன்மேல். உள்பக்க முழங்கால் லேசாக வெளியே தள்ளியிருக்கும். கண் மட்டும் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தாரைப் பார்க்காது. வளைவின் முடிவில் பாதை எங்கே திறக்கிறதோ அங்கே போய் நிற்கும். பார்வை போகிற இடத்துக்கு வண்டி போகும் என்று மூத்த சைக்கிள்காரர்கள் சொல்வது இதைத்தான். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குப் போகும்.

நம் பாதைகளில் இதற்கு மேலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வேறு வழியில்லை. ஆல்ப்ஸில் மூடிய சாலையில் பந்தயக்காரர் வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு வெட்டி மறுபடி வெளியே போவார். இங்கே தன் இடப்பக்கப் பாதிக்குள் அதைச் செய்ய வேண்டும், மறுபாதி எதிரில் வருகிறவருக்குச் சொந்தம். குரங்கு, மாடு, செல்பி எடுக்க நிற்கிறவர்கள், தேயிலை மூட்டை லாரி எல்லாம் வரும். தொலைக்காட்சியில் பார்த்த வேகத்தை இங்கே கொண்டுவர நினைப்பது அறிவில்லாத காரியம்.

இறக்கம் சினிமாவில் நமக்கு முன்பே வந்துவிட்டது. 1992-ல் வெளியான இந்திப் படம் ‘ஜோ ஜீதா வோஹி சிக்கந்தர்’ கதையில் டேராடூன், படப்பிடிப்போ பெரும்பாலும் ஊட்டி, கொடைக்கானல் பக்கம். அந்தச் சைக்கிள் பந்தயக் காட்சிகள் தமிழ்நாட்டு மலைகளில் எடுக்கப்பட்டவை. அந்தக் கதை தெலுங்கில் ‘தம்முடு’வாக 1999-ல் வந்தது. அங்கிருந்து தமிழில் 2001-ல் ‘பத்ரி’யானது. வழியில் சைக்கிள் பந்தயம் கழன்று கிக்பாக்சிங் வந்து உட்கார்ந்தது. ஏவி.எம். ஸ்டுடியோ இருக்கும் வடபழனி வட்டாரத்துக்குச் சைக்கிள் பந்தயம் அப்போது கதைக்கு உதவும் ஒன்றாகத் தோன்றவில்லை போலும். தமிழ் ரசிகர்களுக்கு அதைப் பார்த்துப் பழக்கமில்லை என்பதும் உண்மைதான்.

மாற்றம் 2008-ல் தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பெங்களூரைச் சேர்ந்த ரைட்ஏசைக்கிள் அமைப்பு நீலகிரிச் சுற்று என்ற நெடும் பயணத்தைத் தொடங்கியது. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மூன்றையும் தொட்டு ஒரு வாரத்துக்கும் குறையாமல் போகிற சவாரி. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதை அதில் பெயர் பெற்ற பகுதி. 36 கொண்டை ஊசி வளைவுகள், சில இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டும் சாய்வு. அதே காலத்தில் சென்னையில் சைக்கிள் கடைகள் மாறின. அம்பத்தூர் நிறுவனமே வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. கைப்பிடியிலேயே கியரும் பிரேக்கும் சேர்ந்த வண்டிகள் தெருவுக்கு வந்தன. அந்த ஏற்பாட்டை ஷிமானோ 1990-ல் கொண்டுவந்தது. அதற்கு முன் கியர் மாற்ற ஒரு கையைச் சட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இறக்கத்தில் ஒரு கை பிரேக்கை விட்டு விலகுவது எவ்வளவு ஆபத்து என்பது மலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். பிறகு டிஸ்க் பிரேக். பந்தயச் சாலை சைக்கிள்களில் 2018-ல் அதற்கு முழு அனுமதி கிடைத்தது. வெப்பம் ரிம்மை விட்டு நடுவிலுள்ள தட்டுக்குப் போயிற்று, மழையிலும் பிரேக் ஒரே மாதிரி பிடித்தது. காட்டேரியில் மழை பிடித்துக்கொண்டால் கல்லாறு வரை நனைந்துதான் இறங்க வேண்டும், அங்கே இதன் அருமை தெரியும்.

பந்தய உலகமும் தன் எல்லையைத் தேடியது. 2016-ல் கிரிஸ் ஃப்ரூம் பேரெசூர்தே கணவாயிலிருந்து இறங்கும்போது இருக்கையை விட்டிறங்கி மேல் சட்டக் குழாயில் உட்கார்ந்து, கைப்பிடிமேல் கவிழ்ந்து பெடலை மிதித்து எல்லோரையும் விட்டுப் பறந்தார். காற்று குறைவாகப் படும். ஆனால் பின் சக்கரத்தின் மேல் பாரம் இல்லாமல் போகும், திருப்ப முடியாது. பையன்கள் அதைப் பார்த்துப் போலச் செய்யத் தொடங்கினார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் உலக சங்கம் அதைத் தடை செய்தது. நல்ல முடிவு. 2022 மிலான்-சான்ரெமோவில் மடே மொஹோரிச் அதே பலனை வேறு வழியில் எடுத்தார்: ஓடும்போதே இருக்கையைத் தாழ்த்தும் குழாயைப் பொருத்தி, பொட்ஜோ இறக்கத்தில் முன்னால் போய் வென்றார். ஆனாலும் 2023-ல் சுவிஸ் சுற்றில் ஆல்புலா கணவாய் இறக்கத்தில் ஜினோ மேதர் இறந்தார். சாலையைப் போட்ட பொறியாளர் கணக்கில் வைக்காத வேகம் எந்தச் சாதனத்தாலும் முழுக்கப் பாதுகாப்பாகிவிடவில்லை.

கல்லட்டியில் நடந்ததும் அதே பாடம்தான். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன கார் ஒன்று அந்தப் பாதையில் பள்ளத்தில் கவிழ்ந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள், ஐந்து பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகு வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குவதைப் போலீசார் நிறுத்திவிட்டார்கள். ஏறலாம், இறங்கக் கூடாது. கோடைக் கூட்டத்தில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்ற ஒருவழி ஏற்பாடும் மலையில் பழக்கமானது. மக்பெர்சன் 1823-ல் முடித்த பக்கம் இறங்குகிறது, லா 1871-ல் அமைத்த பக்கம் ஏறுகிறது.

சைக்கிளுக்கு மட்டும் இந்த மலைகளில் இதுவரை ஒரு நேரம் ஒதுக்கப்படவில்லை. ஸ்டெல்வியோவில் ஆண்டுக்கு ஒரு நாள் மோட்டார் வண்டிகளை நிறுத்தி, பாதை முழுவதையும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள். சென்னையில் பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையை 2014-ல் ஞாயிறு காலைகளில் வண்டிகளுக்கு மூடியபோது குழந்தைகள் நடுச்சாலையில் சைக்கிள் பழகினார்கள். நகரத்தில் முடிந்தது மலையில் முடியாது என்று சொல்ல வழியில்லை. ஏலகிரிப் பாதை சிறியது, மேலே இருக்கும் கிராமங்களுக்கு அது உயிர்நாடி. ஆகவே ஆம்புலன்சுக்கும் பால் வண்டிக்கும் வழிவிட்டு, ஞாயிறு விடியலில் இரண்டு மணி நேரம் சுற்றுலாக் கார்களை மட்டும் பொன்னேரியில் நிறுத்திவைக்க மாவட்ட நிர்வாகம் முன்வந்தால் போதும். அதற்கு முந்தைய நாள் மாலை 14 வளைவுகளிலும் உள்பக்கம் குவிந்த மணலைக் கூட்டிவிட வேண்டும்.